மாட்டு வைத்தியம் குதிரைக்கு ஆகாது: சேலத்திலும் ஏற்காட்டிலும் பருவத்துக்குப் பருவம் பார்க்க வேண்டியவை

கேட்டவரிடம் இருப்பது நான்கு உருப்படி. ஏற்காட்டில் சவாரிக்கு மூன்று மட்டக்குதிரைகள், கீழே அடிவாரத்தில் ஒரு பெட்டைக் குதிரை. வெயில், மழை, பனி என்று பருவம் மாறும்போது என்னென்ன செய்ய வேண்டும், குதிரை டாக்டர் வந்தால் எதையெல்லாம் பார்ப்பார், எங்களுக்குக் கிடைப்பது மாடு பார்க்கிற டாக்டர்தான், அவர் போதுமா என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போதும். மாடு பார்க்கிற டாக்டர் படித்ததும் அதே பட்டப்படிப்புதான், அதில் குதிரையும் பாடம். சிக்கல் பெரும்பாலும் டாக்டர் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். சேலம் ஜில்லாவில் தீவனக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் எல்லோருக்கும் மாடு தெரியும், கோழி தெரியும். குதிரைக்கு ஒன்று என்றால் கை தானாக மாட்டு வைத்தியத்துக்குப் போகிறது. வெயிலையும் மழையையும் விட இந்தப் பழக்கத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அதனால் பருவங்களைச் சொல்லிக்கொண்டே போகும்போது, மாட்டுக்குச் சரியாகி குதிரைக்குத் தப்பாகிற இடங்களில் நின்று சொல்கிறேன்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் 7, 8 டிகிரி செல்சியஸ் குறைந்துவிடும். உங்கள் நான்கு குதிரைகளும் 30 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறு ஊர்க் காலநிலையில் நிற்கின்றன. வடக்கே எங்கோ அச்சடித்த குதிரைக் காலண்டர் இரண்டுக்குமே பொருந்தாது.

பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை கீழே இருக்கும் பெட்டைக்கு எந்த வேலையும் காலை 8 மணிக்குள் முடிந்துவிட வேண்டும். வறண்ட வெயிலைக்கூடக் குதிரை தாங்கும், ஏனென்றால் வியர்வை காயும், உடம்பு ஆறும். கோடைமழை பெய்து ஓய்ந்த மாலையில் வரும் புழுக்கம்தான் மோசம். வியர்வை வழியும், ஆனால் காயாது.

குதிரையின் சாதாரண உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி. வேலைக்குப் பிறகு 40-ஐத் தொட்டால் அன்றைக்கு வேலை நிறுத்தம். 41 என்றால் வெப்பத் தாக்கு, டாக்டர் வரும் வரை காத்திருக்காமல் தண்ணீரை ஊற்ற ஆரம்பியுங்கள். "சூடான உடம்பில் ஜில்லென்று ஊற்றினால் நரம்பு பிடித்துக்கொள்ளும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பிடிக்காது. நிழலில், காற்று வரும் பக்கம் நிறுத்தி, கழுத்து, மார்பு, முதுகு, தொடை என்று உடம்பு முழுக்க நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். ஐஸ் கலந்த தண்ணீரானாலும் சரிதான். ஈரச் சாக்கைப் போர்த்துவதுதான் தப்பு. சாக்கு சில நிமிஷத்தில் சூடாகிவிடும், பிறகு போர்வை மாதிரி வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஆசனவாய் வெப்பம் 39 ஆனதும் நிறுத்திக்கொள்ளலாம். குடிக்கக் கேட்டால் குடிக்க விடுங்கள்.

சில குதிரைகளுக்குப் புழுக்கமான ஊரில் வியர்வையே நின்றுபோகும். வேலைக்குப் பிறகு கழுத்தும் விலாவும் காய்ந்த துணி மாதிரி இருக்கும், பிடரி மயிருக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் மட்டும் லேசாக ஈரம் தட்டும், நாய் மாதிரி மூச்சிரைக்கும். இதற்கு நம்பி எழுதித்தரக்கூடிய மருந்து கிடையாது. குளிர்ந்த ஊருக்கு மாற்றுவதுதான் வைத்தியம். அந்த வகையில் உங்களுக்குக் கொடுப்பினை உண்டு. பெட்டைக்கு இந்த அறிகுறி தெரிந்தால் சித்திரை, வைகாசிக்கு வண்டி ஏற்றி மேலே கொண்டுபோய் விடலாம்.

தண்ணீர்க் கணக்கு இது: வேலை இல்லாத குளிர் நாளில் 100 கிலோ உடல் எடைக்கு 5 லிட்டர், கோடையில் இரட்டிப்பு, வேலையும் சேர்ந்தால் அதற்கும் மேல். வாளியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை காட்டிவிட்டு எடுத்துப்போவது போதாது, எப்போதும் எதிரிலேயே இருக்க வேண்டும். குதிரை வியர்வையில் உப்பு அதிகம். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தத்தின் உப்புச் செறிவு ஏறாது, ஆகவே உடம்பு வற்றியும் தாகம் எடுக்காமல் நிற்கும். அதனால்தான் உப்பு. 250, 300 கிலோ மட்டக்குதிரைக்குச் சாப்பாட்டு உப்பு நாளைக்கு 25 கிராம் தீவனத்தில் கலக்கலாம், வியர்த்து வேலை செய்த நாளில் 50 கிராம். உப்பு போட்ட நாளில் தொட்டி வறளக் கூடாது.

ஏற்காட்டுப் பக்கம் வெயில் பிரச்சினை குறைவு. அங்கே சுமைதான் பிரச்சினை. மே மாசக் கோடை விழாக் கூட்டத்தில் ஒரே குதிரை நாள் முழுக்க ஓடும். சேணம் சேர்த்து உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. எடைபோட மேடை தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ. அதில் 20 சதவீதம் 53 கிலோ. சேணம் போக மிச்சம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான் இடம். எழுபது கிலோ அப்பா ஏறி போட்டோ எடுத்துக்கொள்வதற்கு அந்த முதுகு இல்லை. இந்த எடைக் கணக்கு பூச்சி மருந்துக்கும் வேண்டும், எழுதி வையுங்கள்.

கோடையில் தண்ணீர் குறைந்து, தீனி வைக்கோலாகிப்போனால் அடுத்து வருவது வயிற்றுவலி. குதிரை டாக்டரின் நடுராத்திரி அழைப்புகளில் முதலிடம் இதற்குத்தான். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைப் பறிப்பது, மேல் உதட்டைச் சுருட்டுவது, படுத்துப் படுத்து எழுவது, உருளுவது, லத்தி போடாமல் இருப்பது என்று அறிகுறிகள் வரும்.

மாட்டுப் பழக்கம் உயிரை எடுக்கும் இடமும் இதுதான். வயிறு உப்பினால் மாட்டுக்கு மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டுவோம். குதிரையின் தலையைத் தூக்கிக் கட்டி, வாய்க்கோடியில் குழாயை நுழைத்து அதே எண்ணெயை ஊற்றினால், வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்கும். தொண்டை அசைவதைப் பார்த்து விழுங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். தலை தூக்கியபடி மூச்சை இழுக்கும் அந்த நொடியில் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கும். அந்த நேரத்தில் ஒரு சின்ன இருமல் வரலாம், அதுகூட வராமலும் போகலாம். ஓரிரு நாளில் காய்ச்சலும் மூக்கில் நாற்றமடிக்கும் சளியும் வரும். வயிற்றுவலி தீர்ந்திருந்தாலும் நுரையீரல் அழுகிப் போயிருக்கும். வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள், எண்ணெயோ கஷாயமோ சோடாவோ.

இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை உடம்பைப் பார்க்கச் சின்னது. குடல் அடைத்துக்கொண்டு திரவம் பின்னோக்கித் தேங்கினால் இரைப்பை வெடிக்கும் வரை போகும். அதை வெளியே எடுக்க டாக்டரின் மூக்குக் குழாய் ஒன்றுதான் வழி. குழாயை வெளிப்புறமாக மூக்கிலிருந்து கடைசி விலா வரை வைத்து அளந்து ஒரு அடையாளம் போடுவார். முனையில் வழவழப்பு தடவி, மூக்குத் துளையின் கீழ்ப்பக்கமாக நுழைத்து, குதிரையின் தாடை மார்பை நோக்கி மடங்கும்படி தலையைத் தாழ்த்தி, அது விழுங்கும் நொடிக்காகக் காத்திருந்து உள்ளே தள்ளுவார். கழுத்தின் இடது பக்கத்தில் குழாய் இறங்குவது தோலுக்கடியில் தெரியும். தெரியவில்லை என்றால், அல்லது குதிரை இருமினால், வெளியே இழுத்து மறுபடி முதலிலிருந்து. உள்ளே போனதும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குழாயின் வெளிமுனையை வாளிக்குள் தாழ்த்துவார். உள்ளே விட்டதைக் கழித்து 2 லிட்டருக்கு மேல் திரும்பி வந்தால் விஷயம் பெரிது, சிறுகுடல் அடைப்பாக இருக்கலாம், அந்த வயிற்றுக்குள் எதையும் ஊற்ற மாட்டார். ஒன்றும் திரும்பவில்லை, ஆசனவாய் வழியாகக் கை விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் காய்ந்த லத்தி கட்டியிருக்கிறது என்றால், அதே குழாய் வழியாகத் தண்ணீரும் உப்பும் அல்லது கனிம எண்ணெயும் போகும்.

டாக்டர் வரும் முன் நீங்கள் செய்ய வேண்டியது: தீனியை எடுத்துவிடுங்கள். நாடி பாருங்கள். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் பென்சில் தடிமனுக்கு உருளும் ரத்தக்குழாயை விரலால் அழுத்தி, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை சாதாரணம், சின்ன மட்டத்துக்கு ஒன்றிரண்டு கூடலாம். 60-ஐத் தாண்டினால் அவசரம். 80 என்றால் பிழைப்பே சந்தேகம். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். இரண்டு பக்க விலாப்பள்ளத்திலும் காது வைத்துக் கேளுங்கள், கடமுட சத்தம் இருக்கிறதா, சுத்தமாக நின்றுவிட்டதா. பத்து நிமிஷம் நடத்தலாம். விடிய விடிய நடத்தி வலியோடு களைப்பையும் சேர்க்க வேண்டாம். உருண்டு அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மருந்துக் கடையில் வலி ஊசி வாங்கி நீங்களே போடுவதும் கூடாது. வலி மறையும், அடைப்பு அப்படியே இருக்கும், டாக்டர் வந்து பார்க்கும்போது குதிரை நன்றாக நிற்பது போலத் தெரியும். வலி ஊசியில் சிலதைத் தசையில் போட்டால் அந்த இடமே அழுகும். குதிரை அதிகம் பார்க்காத டாக்டர் என்றால் அட்ரோபின் வேண்டாமே என்று தயங்காமல் சொல்லுங்கள். வலி இழுப்பை அது நிறுத்தும், கூடவே குடலையும் மணிக்கணக்கில் நிறுத்திவிடும்.

வயிற்றுவலி பாதி தொட்டியில் பிறக்கிறது என்பதால் தீனிக்கு வருகிறேன். நம் ஜில்லாவில் இதுதான் பெரிய அத்தியாயம்.

நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் கோழித்தீவனம் மலிவாகக் கிடைக்கும். குதிரைக்கு அதைக் கைப்பிடி அளவுகூடக் காட்டாதீர்கள். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள். மோனென்சினில் கோழிகளில் பாதி சாக உடல் எடையில் கிலோவுக்கு 200 மி.கி. அளவு வேண்டும். குதிரைக்கு 2, 3 மி.கி. போதும். இதயத் தசையைத் தின்றுவிடும். உடனே சாகாமல் தப்பினாலும் பிறகொரு நாள் சவாரியில் சுருண்டு விழும். மாற்று மருந்து கிடையாது. மாட்டுத் தீவனம் வாங்கினாலும், கோழித்தீவனம் அரைத்த அதே மிக்சரில் அரைத்ததா என்று ஆலையில் கேட்டு வாங்குங்கள்.

மரவள்ளி ஊர் என்பதால் திப்பி, அதாவது கிழங்கில் மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை, கிடைக்கும். மாடு நன்றாகத் தின்னும், பாலும் கறக்கும். குதிரைக்கு மாவுச்சத்து மொத்தமாகப் பெருங்குடலுக்குப் போனால் அங்கே புளித்து, நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நச்சு ரத்தத்தில் ஏறி, குளம்புக்குள் இருக்கும் பிடிப்புச் சதை வீங்கும். குதிரை முன்னங்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும், குளம்பு சுடும், கணுக்காலின் பின்புறத்தில் நாடி துடிப்பது விரலில் தட்டும். அதற்குப் பிறகு அந்தக் குதிரை பழைய குதிரை ஆவது அபூர்வம். ஈரத் திப்பி வேண்டவே வேண்டாம். மரவள்ளித் தோலும் பச்சை இலையும் சயனைடு விஷம்.

சோளத்தட்டை காய்ந்து முற்றியதாக இருந்தால் பரவாயில்லை. வறட்சியில் குட்டையாக நின்ற பயிரும், முதல் மழைக்குப் பிறகு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த பயிரும் ஆகாது. பச்சைச் சோளத்தில் தொடர்ந்து மேய விட்டால் பெரும்பாலும் குதிரைக்கே வருகிற ஒரு கேடு உண்டு. பின்னங்கால் தள்ளாடும், மூத்திரம் தானாகச் சொட்டிப் பின்தொடை வெந்துபோகும்.

நிலக்கடலைக் கொடி நல்ல தீனி, சுண்ணாம்புச்சத்து உள்ளது. ஆனால் வேரோடு வரும் மண் குடலில் போய்ப் படியும். நன்றாக உதறிப் போடுங்கள். ஆறு உருண்டை லத்தியை ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு கலக்கி வைத்தால் மண் இருந்தால் அடியில் தங்கும். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கொடி, கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் மூன்றும் குப்பைக்கு. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் குதிரையின் மூளையை உருக்கும். மாட்டுக்குப் போட்டு ஒன்றும் ஆகவில்லையே என்பது இங்கே சாட்சி ஆகாது.

பசுந்தீவனம் என்றதும் எல்லோரும் கோ-4 என்ற நேப்பியர் ஒட்டுப்புல்லை நடுகிறார்கள். நேப்பியர், கினியா வகைப் புற்களில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச்சத்தைக் குடலிலேயே கட்டிப்போடும். மாட்டின் அசைவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரையிடம் அந்த வசதி இல்லை. கூடவே தவிடு போட்டால் பாஸ்பரஸ் குவிகிறது. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் 1 சதவீதத்துக்கு மேல், கால்சியம் அதில் எட்டில் ஒரு பங்குதான். உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாத நொண்டல், பிறகு தீனியை மெல்வதில் சிரமம், கடைசியில் முகத்து எலும்பு இரு பக்கமும் உப்பும். ரத்தத்தில் கால்சியம் பார்த்தால் சரியாகவே காட்டும், ஏமாந்துவிடக் கூடாது. தீனிப் பட்டியலைக் கேட்கிற டாக்டர்தான் இதைப் பிடிப்பார். பசும்புல்லில் பாதியைக் குதிரைமசாலாகவோ கடலைக்கொடியாகவோ மாற்றுங்கள், பேர் சும்மா வரவில்லை. தவிட்டைக் குறையுங்கள். தீவனத் தரத்துச் சுண்ணாம்புக்கல் மாவு 300 கிலோ குதிரைக்கு நாளைக்கு 30, 40 கிராம் போடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, அது வாயைப் பொத்துவிடும். சேலத்தில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வெள்ளைக்காரன் சுண்ணாம்புக் குன்று என்று பேர் வைத்த மேட்டில் கிடைப்பது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். வெள்ளையாக இருக்கிற மாவெல்லாம் கால்சியம் ஆகிவிடாது.

கொள்ளு போடலாம், ஊறவைத்து வேகவைத்து. மட்டக்குதிரைக்கு ஒரு வேளைக்கு எல்லா அடர்தீவனமும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். புல்லும் கொடியும் காய்ந்த எடையில் உடல் எடையின் 1.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஏரிப் பக்கம் வரும் சுற்றுலாக்காரர்கள் பஜ்ஜியும், கடித்து முடித்த சோளக்கதிரும் நீட்டுவார்கள். கதிர்க்கட்டை தொண்டையில் சிக்கினால் மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் வழியும். அப்போதும் தண்ணீர் ஊற்றாமல், தலையைத் தாழ விட்டு டாக்டரை அழையுங்கள். அரளி வேலி உள்ள இடத்தில் கட்டவே கூடாது, 20 கிராம் காய்ந்த இலை ஒரு மட்டக்குதிரைக்குப் போதும்.

ஆடிக்காற்று அடங்கி ஆவணி, புரட்டாசி மழை பிடித்ததும் கவனம் குளம்புக்கும் தோலுக்கும் ஈக்கும் மாற வேண்டும். ஏற்காட்டில் தினமும் சாயங்காலம் நான்கு குளம்பையும் கொக்கியால் சுரண்டுங்கள். குளம்பின் அடியில் முக்கோண மெத்தைக்கு இருபுறமும் உள்ள பள்ளத்தில் கறுத்த, அழுகிய வாடையுள்ள பிசின் வந்தால் குளம்பு அழுகல். லாடக்காரர் அழுகிய சதையை வெட்டித் திறக்க வேண்டும், பள்ளத்தில் போவிடோன் அயோடின் நனைத்த பஞ்சை அடைக்க வேண்டும், முக்கியமாக லாயத்துத் தரை காய வேண்டும். மாட்டுக்குச் செய்வது மாதிரி பார்மலினில் நிறுத்தினால் நல்ல சதையும் வெந்துபோகும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுதல் மழைக்காலத்திலும் தள்ளிப்போகக் கூடாது. முதுகில் மயிர் கொத்துக் கொத்தாகப் பிரஷ் மாதிரி ஒட்டி, பிய்த்தால் பொருக்கோடு வந்தால் மழைச் சொறி. சேணத்தை நிறுத்தி, பொருக்கை ஊறவைத்து எடுத்து, குளோர்ஹெக்சிடின் கலந்து கழுவி, கட்டாயமாகக் காயவைக்க வேண்டும்.

ஈ மொய்க்கும் புண் ஆறாமல் சதை வளர்ந்து, உள்ளே அரிசி நொய் மாதிரி மஞ்சள் துகள் தெரிந்தால், ஈ கொண்டுவந்து விட்ட புழுக்குஞ்சு காரணம். வடக்கே இதற்கு மழையின் பேரையே வைத்து பர்சாத்தி என்பார்கள். களிம்பு போதாது, வாய் வழியாக ஐவர்மெக்டின் வேண்டும்.

குதிரை ஈ கடித்துப் பரப்பும் சர்ரா என்ற ரத்தக் கிருமி நோயும் மழையை ஒட்டி வருவதுதான். காய்ச்சல் வந்து வந்து போகும், நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும், அடிவயிறும் காலும் வீங்கும், கடைசியில் பின்பக்கம் தள்ளாடும். காய்ச்சல் இல்லாத நாளில் ரத்தம் எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். அதனால் புரட்டாசி முதல் மார்கழி வரை காலை, மாலை வெப்பத்தை நோட்டில் குறியுங்கள். ஏறிய அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து மூடி நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பணுக்களை இடித்துக்கொண்டு நெளிவது உயிரோடு தெரியும். உண்ணிக் காய்ச்சல் வேறு. அதில் கண்சவ்வு மஞ்சளாகும், மூத்திரம் கறுக்கும். உண்ணிக்கு மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்கிற அமிட்ராஸை மட்டும் குதிரைமேல் பூசாதீர்கள், குடல் ஓட்டமே நின்றுபோகும்.

பூச்சி மருந்து மூன்று மாசத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் என்பது பழைய வழக்கம். மருந்துக்கு அடங்காத புழுவை வளர்த்ததுதான் அதன் பலன். லத்தியைக் கொடுத்து முட்டைக் கணக்கு எடுங்கள், ஒரு கிராமில் 200-க்குக் கீழ் என்றால் வளர்ந்த குதிரைக்கு இப்போதைக்கு வேண்டாம். கீழே சித்திரை வெயிலில் மேய்ச்சல் தரையில் உள்ள புழுக்குஞ்சுகள் காய்ந்து சாகும், ஆகவே பெட்டைக்கு மழைக்குப் பின் ஒரு கணக்குப் போதுமானது. ஏற்காட்டு ஈரத்தில் அவை தாக்குப்பிடிக்கும், மேலே உள்ள மூன்றுக்கும் மழைக்கு முன்னும் பின்னும் எடுங்கள். வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளுவது பாதி மருந்துக்குச் சமம். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மி.கி., வாய் வழியாக மட்டும். மாட்டுக்குப் போடும் ஊசியைக் குதிரைக்குப் போட்டால் போட்ட இடம் அழுகும் ஆபத்து உண்டு.

மார்கழி, தைக் குளிருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காட்டுக் குளிர் குதிரைக்குக் குளிரே இல்லை. தார்ப்பாயால் லாயத்தை மூடினால்தான் மூத்திர வாடையும் தூசியும் தேங்கி இருமல் வரும். காற்றை விடுங்கள், வைக்கோலை நனைத்துப் போடுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரை நோய் இல்லாத நாளில் வரவழையுங்கள், தை மாசம் தோது. பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப் பல்லின் உள் விளிம்பும் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். பாதி மென்ற புல் உருண்டை தொட்டியில் விழுந்து கிடந்தால் அதுதான். மயக்க ஊசி கொஞ்சம் போட்டு, வாய்க் கட்டை வைத்து, அரத்தால் ராவுவார். ஓட்டிக் காட்டச் சொல்லி நொண்டல் பார்ப்பார், இதயம் கேட்பார், உடல் சதையை 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார், 5 நல்லது. ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி முதலில் 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருஷத்துக்கு ஒன்று. வீட்டு விலங்குகளில் குதிரை அளவுக்கு ரணஜன்னி எளிதில் பிடிப்பது வேறில்லை. ஊசி போடாத குதிரை ஆணி மிதித்தால், 1,500 யூனிட் எதிர்ச்சீரமும் தடுப்பூசியும் அன்றே போக வேண்டும். கண்ணின் மூலையிலிருந்து உள் இமை சவ்வு குறுக்கே வந்து வந்து போனால் நோய் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் வருஷா வருஷம். ஏதாவது புண்ணுக்கு ஆன்டிபயாடிக் எழுதினால் லிங்கோமைசின், டைலோசின் இரண்டும் குதிரைக்கு ஆகாது என்பதை நினைவில் வையுங்கள், உயிரை எடுக்கும் பேதி வரும்.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் புதுக் குதிரை வாங்கும் யோசனை இருந்தால், அதை நேராக மற்றவற்றோடு கட்டாதீர்கள். பல ஊர்க் குதிரைகள் ஒரே தொட்டியில் வாய் வைத்த இடம் அது. 21 நாள் தனி லாயம், தனி வாளி, தனி ஆள். தினம் இரண்டு வேளை வெப்பம். தாடைக்கடியில் கட்டி வீங்கி மூக்கில் சீழ் வந்தால் தொண்டைக்கட்டிக் காய்ச்சல், பரவும், பெரும்பாலும் பிழைக்கும். மூக்குச் சவ்வில் புண், காலில் வரிசையாக முடிச்சு, உடைந்தால் தேன் மாதிரி சீழ் என்றால் கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், ஆளைக் கொல்லும். 2009-ஆம் வருஷத்து விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை, ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் குதிரையைக் கொன்று புதைப்பார்கள். வாங்குவதற்கு முன்பே கிளாண்டர்ஸ் சோதனைச் சான்று கேளுங்கள். இல்லை என்றால் விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள்.

அரசு நடமாடும் கால்நடை வண்டிக்கு 1962-ஐ அழைக்கலாம். பெரிய சோதனைகளுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நம் ஜில்லாவில் தலைவாசல் கல்லூரியும் இருக்கின்றன. போனில் "குதிரைக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல் எடை, வெப்பம், நாடி, கடைசி லத்தி எப்போது, என்ன தின்றது, ஏற்கெனவே என்ன மருந்து போட்டீர்கள் என்ற ஆறையும் சொல்லுங்கள். மேலே ஏற்காட்டில் என்றால் எத்தனையாவது வளைவு, எந்த எஸ்டேட் ரோடு என்பதையும். டாக்டர் வருவதற்குள் ஒரு நல்ல டார்ச், இரண்டு வாளி வெந்நீர், சோப்பு, கடிவாளம் போட்டுப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள் தயாராக இருக்கட்டும்.